லேசர் செய்து பல வருடம் ஆன கருவிழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவிழியைப் படம் எடுக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. மோவாயை வையுங்கள், நெற்றியை ஒட்டுங்கள், நடுவில் தெரியும் புள்ளியைப் பாருங்கள், இமைக்காதீர்கள். படம் திரைக்கு வந்ததும் கேள்விகள் ஆரம்பிக்கும். கிட்டப்பார்வைக்கு லேசர் செய்து ஐந்து, பத்து, பதினைந்து வருடம் ஆனவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அறுவைக்கு முன்னால் சர்ஜன் சொல்லியிருப்பார். கண்ணாடியைக் கழற்றப்போகிற சந்தோஷத்தில் அது காதில் ஏறியிருக்காது. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். கருவிழி என்று நான் இங்கே சொல்வது கார்னியாவை: கண்ணின் கறுப்பு வட்டத்துக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல வளைந்து நிற்கும் ஒளிபுகும் படலம்.

1. "லேசர் வெச்சு எடுத்தது திரும்ப வளருமா?"

வளராது. கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540, 550 மைக்ரான் தடிமன். அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மேலே 50 மைக்ரான் அளவுக்கு எபிதீலியம் என்ற மேல்தோல். அதற்குக் கீழே கொலாஜன் இழைகள் அடுக்கடுக்காகப் படிந்த ஸ்ட்ரோமா. தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான். கீறல் பட்டால் மேல்தோல் சில நாளில் மூடிக்கொள்ளும். லேசர் வேலை செய்வது ஸ்ட்ரோமாவில். அங்கே போனது போனதுதான்.

இதைக் கேட்டு முகம் வாடுகிறவர்களிடம் நான் சொல்வது: வளர்ந்தால்தான் பிரச்சினை, பழைய பவரும் கூடவே திரும்பி வரும். இந்த 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசர் சுற்றுப்பக்கத்தைப் பொசுக்காமல் திசுவை மட்டும் செதுக்கும் என்று 1981-இல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன். விருந்தில் மீந்த வான்கோழித் துண்டில்தான் முதலில் சோதித்துப் பார்த்தார்கள்.

2. "அப்போ என் கருவிழி எவ்வளவு மெலிசாயிருக்கும்?"

தோராயக் கணக்கு ஒன்று உண்டு. லேசர் படும் வட்டத்தின் விட்டத்தை (மில்லிமீட்டரில்) இருமடி ஆக்கி மூன்றால் வகுத்தால், ஒரு டயாப்டருக்கு (கண்ணாடிப் பவரின் அலகு) எத்தனை மைக்ரான் என்று வரும். 6 மில்லிமீட்டர் வட்டத்துக்கு 12 மைக்ரான். மைனஸ் 5 என்றால் 60 மைக்ரான். வட்டம் பெரிதாக இருந்தாலோ, எந்திரத்தைப் பொறுத்தோ கொஞ்சம் கூடலாம்.

லேசிக் என்றால், கருவிழியின் மேல்பக்கத்தை மெல்லிய மூடிபோல வெட்டித் தூக்கி, அடியில் செதுக்கிவிட்டுத் திரும்ப மூடுவது. அந்த மூடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 550 மைக்ரான் கருவிழியில் 110 மைக்ரான் மூடி, 60 மைக்ரான் செதுக்கல். அடியில் 380 மிஞ்சும். தாராளம். இன்னொருவருக்கு 500 மைக்ரான் கருவிழி, மைனஸ் 8 பவர் என்று வையுங்கள். 110-ம் 96-ம் சேர்ந்து 206 போக, 294 மிஞ்சும். அடியில் குறைந்தது 250 இருக்க வேண்டும் என்ற பழைய விதிப்படி இவர் பாஸ். ஆனால் மொத்தத் தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் கை வைக்கக்கூடாது என்ற பிந்தைய கணக்குப்படி இவருக்கு 41 வருகிறது, ஃபெயில். ஒரே கண், இரண்டு தீர்ப்பு. இப்போது பல சர்ஜன்கள் 300 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்று பார்ப்பது இதனால்தான்.

3. "மூடி ஒட்டிக்கும்னு சொன்னாங்களே, நிஜமாவே ஒட்டுதா?"

விளிம்பில் ஒட்டும். நடுவில் அவ்வளவாக இல்லை. கண் தானமாக வந்த, முன்பு லேசிக் செய்திருந்த கருவிழிகளை இழுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மூடியின் விளிம்புத் தழும்புக்கு இயல்பான வலுவில் கால் பங்குக்குச் சற்று அதிகம். நடுப்பகுதிக்கோ இரண்டு மூன்று சதவீதம்தான். வருடங்கள் போனாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. பிளவு விளக்கில் (கண்ணை ஒளிக்கீற்றில் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) சாய்வாக ஒளி விட்டுப் பார்த்தால் பதினைந்து வருடப் பழைய மூடியின் ஓரம்கூட மங்கலான சாம்பல் வளைகோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தே "லேசிக் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டுவிடலாம்.

அன்றாட வாழ்க்கையில் இதனால் ஒன்றும் ஆகாது. குளிக்கலாம், நீந்தலாம், தலைகீழாகவும் நிற்கலாம். ஆனால் விரல் நகமோ மரக்கிளையோ கண்ணில் பலமாக உரசினால், பத்து வருடம் கழித்தும் மூடி நகர்ந்த சம்பவங்கள் உண்டு. அடிபட்ட பிறகு பார்வை சட்டென்று மங்கி, நீர் வடிந்து, கூச்சம் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். போனவுடன் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "எனக்கு லேசிக் செய்திருக்கிறது."

4. "நான் பண்ணது ஸ்மைல். மூடியே இல்லையே, அப்போ இதெல்லாம் எனக்குப் பொருந்தாதுதானே?"

பாதி பொருந்தாது. ஸ்மைலில் கருவிழிக்குள்ளேயே வில்லை வடிவில் ஒரு துண்டை வெட்டி, சில மில்லிமீட்டர் துளை வழியாக உருவி எடுக்கிறார்கள். பி.ஆர்.கே.-யில் மேல்தோலை நீக்கிவிட்டு நேரடியாகச் செதுக்குகிறார்கள். இரண்டிலும் நகர்வதற்கு மூடி கிடையாது. கருவிழியின் முன்பக்க இழைகள்தான் பின்பக்கத்தைவிட வலுவானவை. அவற்றைச் சுற்றிவர வெட்டாமல் விடுவது நல்லதுதான்.

ஆனால் மெலிவது மூன்றிலும் உண்டு. வடிவம் மாறுவதால் வரும் கண் அழுத்தக் கணக்கும் கண்புரைக் கணக்கும் (11, 13) மூன்றுக்கும் பொதுவானவை. பி.ஆர்.கே.-க்கு என்றே ஒரு தொல்லை உண்டு: ஆறும்போது கருவிழியில் லேசான மூட்டம் படியலாம். பெரும்பாலும் சில மாதத்தில் உச்சத்துக்குப் போய், ஒரு வருடத்துக்குள் தானே குறையும். பவர் அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் இதற்கு வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்கத்தான் மைட்டோமைசின் மருந்தை அறுவையின்போதே சில நொடிகள் வைத்து எடுக்கிறார்கள். முதல் வருடம் வெயில் கண்ணாடியை விடாதீர்கள் என்று சொல்வதும் அதற்குத்தான்.

5. "பத்து வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப மைனஸ் 0.75 வந்திருக்கு. சரியாப் பண்ணலையா?"

இந்தக் கேள்வியில் கோபம் இருக்கும், புரிகிறது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, பவர் எங்கிருந்து வந்தது என்று. கண்ணுக்குள் அதற்கு நான்கு இடங்கள் உண்டு.

ஒன்று, மேல்தோல். எபிதீலியத்துக்குப் பள்ளம் பிடிக்காது. எங்கே தாழ்வு தெரிகிறதோ அங்கே தடித்து நிரவப் பார்க்கும். லேசர் நடுவைத் தட்டையாக்கியதும், நடுவில் மேல்தோல் சில மைக்ரான் தடிக்கிறது. பழைய பவர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு தடிப்பு. லேசர் செய்ததில் ஒரு சிறு பங்கை இது திருப்பிவிடும். இரண்டு, கண்ணின் நீளம். இருபது வயதில் பவர் நிற்காமலேயே அவசரப்பட்டுச் செய்துகொண்டவர்களுக்குக் கண் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும். மூன்று, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ். ஐம்பதைத் தாண்டியவருக்குத் திடீரென மைனஸ் ஏறினால் நான் முதலில் கண்புரையைத்தான் சந்தேகிப்பேன். நான்காவதுதான் கவலைப்பட வேண்டியது. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

நாற்பது வயதுக்காரர் படிக்கப் புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கிறார் என்றால் அது இந்தப் பட்டியலிலேயே வராது. அது வெள்ளெழுத்து. லேசர் செய்யாதவருக்கும் வரும். என்ன, மைனஸ் பவரை அப்படியே வைத்திருந்தவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துக்கொள்வார்கள். உங்களுக்கு அந்த வசதி போய்விட்டது.

6. "நெட்ல எக்டேசியான்னு படிச்சுட்டுத் தூக்கமே வரலை. அது என்ன?"

கருவிழி தன் வலுவை இழந்து, உள்ளிருக்கும் அழுத்தத்துக்குத் தாக்குப்பிடிக்காமல் முன்னால் பிதுங்குவது. லேசிக்குக்குப் பிறகு இப்படி ஆவதை 1998-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோ சைலர் முதலில் எழுதினார். பத்தாயிரத்தில் சிலருக்கு என்பதிலிருந்து ஆயிரத்தில் ஐந்தாறு பேருக்கு என்பது வரை கணக்குகள் வேறுபடுகின்றன. அறுவைக்கு முன்பே படத்தில் ஒழுங்கின்மை இருந்தவர்கள், சிறு வயதில் செய்துகொண்டவர்கள், பவர் அதிகமானவர்கள், அடியில் குறைவாக மிஞ்சியவர்கள் (2-இல் போட்ட கணக்கு) ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். பலருக்கு முதல் சில வருடத்திலேயே தெரிந்துவிடும். பத்து வருடம் கழித்து வந்ததும் உண்டு.

படத்தில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். மேடான இடம் சிவப்பு, தட்டையான இடம் நீலம். கிட்டப்பார்வைக்கு லேசர் செய்த நல்ல கருவிழியில் நடுவில் ஒரு நீல வட்டம், சுற்றிலும் பச்சை, மஞ்சள் வளையம். இதைப் பார்த்துவிட்டு "நடுவுல ஏதோ ஓட்டை மாதிரி இருக்கே" என்று பயந்தவர்கள் உண்டு. அதுதான் சரியான படம். எக்டேசியாவில் அந்த நீலத்தின் கீழ் ஓரத்தை ஒரு சிவப்புத் திட்டு தின்னத் தொடங்கியிருக்கும். பவரில் சிலிண்டர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததால் வரும் பவர்) ஏறிக்கொண்டே போகும். கண்ணாடி போட்டும் எழுத்துக்கு நிழல் விழும்.

ஆரம்பத்திலேயே தெரிந்தால் கிராஸ்லிங்கிங் செய்து நிறுத்த முடியும். ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டு, அளவான புற ஊதா ஒளி காட்டி, கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2016-இல் எக்டேசியாவுக்கும் இதை அனுமதித்தது. ஏறிய பவரை முழுதும் இறக்குவதற்கல்ல, மேலே ஏறாமல் தடுப்பதற்குத்தான் இது. மிச்சப் பார்வைக்குக் கண்ணாடி போதாவிட்டால், கருவிழியைத் தொடாமல் வெண்விழிமேல் உட்காரும் ஸ்கிளீரல் லென்ஸ் நன்றாக உதவும்.

7. "கண்ணைக் கசக்கினா இது வருமா?"

ஒருமுறை கசக்கினால் வராது. அலர்ஜியால் நாள்தோறும் முட்டியை வைத்துத் தேய்க்கிறவர்களைத்தான் நான் திட்டுவேன். மெலிந்த கருவிழிக்கு அது கூடாத பழக்கம். அரிப்புக்குச் சொட்டு மருந்து கேளுங்கள்.

8. "ராத்திரி வண்டி விளக்கைச் சுத்தி வளையம் தெரியுது. செக்கப்ல 6/6னு சொல்றாங்க."

இரண்டுமே உண்மை. இயற்கையான கருவிழி நடுவில் வளைவு அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருக்கும். லேசர் அதைத் தலைகீழாக்குகிறது. வெளிச்சத்தில் கண்மணி சுருங்கியிருப்பதால் செதுக்கிய வட்டத்தின் நடு வழியாக மட்டும் பார்க்கிறீர்கள். இருட்டில் கண்மணி விரியும்போது வட்டத்தின் ஓரமும் கலந்துகொள்கிறது. ஓரக்கதிர் வேறு இடத்தில் குவிகிறது. அதுதான் வளையம். செக்கப் அறையில் கறுப்பு எழுத்தை வெள்ளைப் பின்னணியில் படிக்கச் சொல்லும்போது இது பிடிபடாது.

முதல் ஆறு மாதத்தில் பலருக்குக் குறையும், மூளையும் பழகிக்கொள்ளும். பழைய சிறு வட்டச் சிகிச்சைகளில் இது அதிகம். வருடக்கணக்காக ஒரே அளவில் இருந்தால் கவலை வேண்டாம். புதிதாகக் கூடினால் 5-இல் சொன்ன நான்கில் ஒன்றாகவோ வெறும் கண் வறட்சியாகவோ இருக்கலாம், பார்த்துவிடுங்கள்.

9. "கண்ணு காய்ஞ்சு போச்சுன்னு சொட்டு மருந்து குடுக்குறாங்க. எத்தனை வருஷத்துக்கு?"

உடலிலேயே நரம்பு மிக நெருக்கமாக உள்ள இடங்களில் கருவிழி ஒன்று. மூடி வெட்டும்போது அது இணைந்திருக்கும் பகுதி தவிர மற்ற இடத்தில் மேல் நரம்புகள் அறுபடும். "காய்கிறது, கண்ணீர் அனுப்பு" என்று தகவல் சொல்வதே அந்த நரம்புகள்தான். தொடு உணர்வு ஆறு மாதம், ஒரு வருடத்தில் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் பி.ஆர்.கே.-க்குப் பிறகு நரம்பு அடர்த்தி பழைய நிலையை நெருங்க இரண்டு வருடம் பிடிக்கிறது. லேசிக்குக்குப் பிறகு ஐந்து வருடத்திலும் குறைவாகவே இருந்திருக்கிறது. ஸ்மைலில் அறுபடுவது குறைவு.

பெரும்பாலோர் முதல் வருடத்தோடு சொட்டு மருந்தை விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு, முக்கியமாக முன்பே வறட்சி இருந்தவர்களுக்கு, நீடிக்கும். மிகச் சிலர் தீராத எரிச்சல், குத்தல் என்று வருவார்கள். சோதித்தால் கண் பரப்பு சுத்தமாக இருக்கும். அது கோணலாக முளைத்த நரம்பின் வலியாக இருக்கலாம். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடக்கூடாத கூட்டம் இது. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

10. "உள்பக்க செல் எல்லாம் செத்துப்போயிடும்னு ஒருத்தர் சொன்னாரு."

கருவிழியின் அடியில் இருக்கும் எண்டோதீலியம் செல்கள் வயதோடு வருடத்துக்கு 0.6 சதவீதம் அளவில் குறையும், லேசர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். லேசர் செய்து ஒன்பது வருடம் ஆன கண்களை எண்ணிப் பார்த்தபோதும் இதே அளவு இழப்புதான். இந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

11. "கண் அழுத்தம் 14தான், ரொம்ப நல்லாருக்குன்னாங்க. அப்புறம் என்ன?"

கண் அழுத்தத்தைக் கருவிழியை லேசாக அமுக்கித்தான் அளக்கிறார்கள். மெலிந்த, தட்டையான கருவிழி சுலபமாக அமுங்கும்; உண்மையைவிடக் குறைவான எண் வரும். 14 என்று காட்டியது நிஜத்தில் சில புள்ளிகள் கூடுதலாக இருக்கலாம். எவ்வளவு என்று துல்லியமாகத் திருத்தித் தரும் வாய்பாடு இல்லை. கிட்டப்பார்வைக் கண்ணுக்குக் கண் அழுத்த நோய் வாய்ப்பு ஏற்கெனவே சற்று அதிகம் என்பதால் இந்தப் பிழை கனமானது. எண்ணை மட்டும் நம்பாமல் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கொஞ்சம் சிக்கலான ஒன்று: லேசிக் செய்தவர்களுக்கு ஸ்டீராய்டு சொட்டால் அழுத்தம் ஏறினால், மூடிக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளலாம். அப்போது கருவி அந்த நீர்ப்படுகையை அமுக்கிவிட்டு "குறைவு" என்று காட்டும். கண் மங்குகிறதே என்று ஸ்டீராய்டையே கூட்டினால் விபரீதம். கடையில் தானே வாங்கி ஸ்டீராய்டு சொட்டு போடாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

12. "பவர் ஜீரோ ஆயிடுச்சே, இனிமே ரெட்டினா செக்கப் எதுக்கு?"

லேசர் மாற்றியது முன்கண்ணாடியை மட்டும்தான். மைனஸ் 7 பவரை உண்டாக்கிய நீண்ட கண் அப்படியேதான் இருக்கிறது. நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். கிழியும், கழன்று வரும் ஆபத்து லேசருக்கு முன் எவ்வளவோ பின்னும் அவ்வளவே. மின்னல் வெட்டுவது போலத் தெரிவது, கரும்புள்ளிகள் திடீரென மிதப்பது, ஒரு பக்கம் திரை விழுவது: மூன்றில் எது வந்தாலும் அன்றே போங்கள்.

13. "அம்மாவுக்கு முன்னாடியே லேசிக் பண்ணியிருக்கு. இப்ப கண்புரை ஆபரேஷன். சொல்லணுமா?"

கட்டாயம். கண்புரையில் வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடக் கருவிழியின் வளைவு வேண்டும். வழக்கமான கருவி முன்பரப்பை மட்டும் அளந்து, பின்பரப்பு இன்ன விகிதத்தில் இருக்கும் என்று தானே எடுத்துக்கொள்ளும். லேசர் முன்பரப்பை மட்டும் தட்டையாக்கியதால் அந்த விகிதம் உடைந்துவிட்டது. கருவி கருவிழியின் பவரைக் கூட்டிச் சொல்கிறது. லென்ஸ் பவர் குறைவாகத் தேர்வாகிறது. அறுவை முடிந்து கட்டுப் பிரித்தால் பிளஸ் பவர்.

இதற்கென்றே பாரெட் ட்ரூ-கே, ஹைகிஸ்-எல் போன்ற வாய்பாடுகள் இருக்கின்றன, நன்றாகவே கைகொடுக்கின்றன. ஆனால் லேசர் செய்தது தெரிந்தால்தானே அவற்றைத் தேடுவார்கள்? பழைய ரிப்போர்ட் இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

14. "மறுபடி ஒருதடவை லேசர் பண்ணிக்கலாமா?"

தடிமன் இருந்து, படம் ஒழுங்காக இருந்து, பவர் ஒரு வருடமாவது அசையாமல் நின்றிருந்தால் வழி உண்டு. புதிய மூடியைத் தூக்கிச் செய்வது எளிது. வருடக்கணக்கான மூடியைத் தூக்கினால், மேல்தோல் செல்கள் ஓரம் வழியாக அடியில் ஊர்ந்து வளரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் பலர் மூடியைத் தொடாமல் மேலேயே பி.ஆர்.கே. செய்கிறார்கள். முக்கால் பவருக்கு இதெல்லாம் வேண்டுமா? இரவில் வண்டி ஓட்ட மட்டும் ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளலாமே என்பது என் கட்சி. சர்ஜன்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

15. "மாமாவுக்கு அந்தக் காலத்துல பிளேடு வெச்சுக் கீறினாங்களாம். அதுவும் இதுவும் ஒண்ணா?"

இல்லை. அது ஆர்.கே.: வைர முனைக் கத்தியால் சக்கரத்தின் ஆரங்கள் போலக் கருவிழியில் ஆழமாகக் கீறித் தட்டையாக்குவது. பத்து வருடம் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வில் 43 சதவீதக் கண்கள் ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ பிளஸ் பக்கம் நகர்ந்திருந்தன. காலையில் ஒரு பவர், மாலையில் ஒரு பவர் என்றும் ஆடும். உயரத்தில் ஆக்சிஜன் குறைந்தால் இன்னும் மோசம்: 1996-இல் எவரெஸ்ட் ஏறப் போன பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவருக்கு, ஆர்.கே. செய்த கண்கள் மலைமேல் ஏறக்குறைய தெரியாமலே போயின. எக்ஸைமர் லேசர் செய்த கண்களுக்கு இந்த அளவு ஆட்டம் கிடையாது. விண்வெளி வீரர்களுக்கே நாசா 2007 முதல் அதை அனுமதித்திருக்கிறது.

16. "லேசர் பண்ண கண்ணைத் தானம் பண்ண முடியுமா?"

முடியும். முழுக் கருவிழியாக இன்னொருவருக்குப் பொருத்த மாட்டார்கள், வடிவம் மாறியிருப்பதால். ஆனால் 10-இல் சொன்ன உள்பக்க எண்டோதீலியம் நன்றாக இருந்தால் அந்த அடுக்கை மட்டும் எடுத்துப் பொருத்தலாம். வெண்விழியும் பயன்படும். வீட்டாரிடம் லேசர் செய்ததைச் சொல்லி வையுங்கள்.

17. "ரிப்போர்ட் எல்லாம் தொலைஞ்சு போச்சு. இப்ப என்ன பண்றது?"

செய்த இடத்தில் கேட்டுப் பாருங்கள், முதலில். வேண்டியது நான்கைந்து எண்கள்தான்: அறுவைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, தடிமன், எத்தனை மைக்ரான் எடுத்தார்கள், ஆறு மாதம் கழித்து நின்ற பவர். கிடைக்கவில்லையா, சரி, இன்றைக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள். இனி வருகிற படங்களை ஒப்பிட அதுவே முதல் படமாக இருக்கட்டும். 13-இல் சொன்ன புதிய வாய்பாடுகளும் பழைய எண்கள் இல்லாமலேயே கணக்குப் போடும்.

அப்புறம் அலமாரியையும் ஒருமுறை துழாவுங்கள். பேப்பர் எதுவும் இல்லை என்று கையை விரித்த ஒருவர், அடுத்த முறை வரும்போது கால் உடைந்த ஒரு பழைய கண்ணாடியைக் கொண்டுவந்தார். அறுவைக்கு முந்தைய வாரம்வரை போட்டதாம். லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்த்தோம்: வலது மைனஸ் 6.25, இடது மைனஸ் 5.75. ஃபைலில் முதல் வரி எழுத அது போதுமானதாக இருந்தது.